38 வெள்ளி ரிஃப்ராக்டோமீட்டர்: ஆறு மாதம் உப்பு அளந்த அனுபவம்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி பழக்கமானதுதான். ஒரு சாண் நீளத்தில் கறுப்புக் குழாய். ஒரு முனையில் சரிவாக வெட்டிய கண்ணாடிப் பட்டகம், அதன்மேல் தூக்கி மூடும் பிளாஸ்டிக் தகடு. மறுமுனையில் கண் வைத்துப் பார்க்க ரப்பர் வளையம். இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, தகட்டை மூடி, வெளிச்சத்தின் பக்கம் பிடித்தால் உள்ளே மேல்பகுதி நீலமாகவும் கீழ்ப்பகுதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பின் அளவு. கோடு 35-இல் நின்றால் ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு. அளவுகோல் 0-இலிருந்து 100 வரை போகிறது. பேட்டரி வேண்டாம், போனில் செயலி எதுவும் இறக்க வேண்டாம்.

இதே கருவியைப் பல பெயர் ஒட்டி விற்கிறார்கள். உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் நான் எழுதுவது எந்த ஸ்டிக்கர் ஒட்டிய கருவிக்கும் பொருந்தும். நான் கொடுத்தது 38 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

வாங்கியது தொட்டிக்காக. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் 60 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம். முன்பு பயன்படுத்தியது 12 வெள்ளி ஊசி வகை அளவி. அந்த ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், அளவு கூடிக் காட்டும். நானும் அதை நம்பி நன்னீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். பவளம் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் அளவியைச் சந்தேகப்பட்டேன்.

முதலில் கையில் வந்த ரிஃப்ராக்டோமீட்டரும் சரியில்லை. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடே இல்லாமல் மங்கலாகக் கரைந்து போயிருந்தது. கடைக்காரர் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது தவறு. நல்ல கருவியில் கோடு பென்சிலால் கிழித்ததுபோல் தெரியும். மறுநாள் நானே போய், கடையிலேயே மூன்று பெட்டிகளைத் திறந்து பார்த்து, தெளிவாக இருந்ததை மாற்றிக்கொண்டு வந்தேன். நீங்களும் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. இதைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் காய்ச்சி வடித்த நீரை விட்டு, திருகாணியைத் திருப்பி, கோட்டை 0-க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கும். அப்படிச் செய்தால் கடல்நீருக்குப் பிழை வரும். விலை குறைந்த கருவிகள் பலவும் சாதாரண உப்புக் கரைசலுக்காகக் கோடு போட்டவை. கடல்நீரில் மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம் எல்லாம் கலந்திருப்பதால் ஒளி வளையும் விதம் வேறு; இந்தக் கருவி அளப்பது அந்த வளைவைத்தான். 0-இல் சரிபார்த்த அத்தகைய கருவி உண்மையான 35 கடல்நீரை 36.5 என்று காட்டும். அதனால் 35 என்று அச்சிட்ட சரிபார்ப்புக் கரைசலைத் தனியாக வாங்கி, அந்த இடத்தில் கோட்டை நிறுத்துங்கள். கரைசல் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: வேறெதுவும் கலக்காத சுத்தமான உப்பு 36.5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 963.5 கிராம். துல்லியமான தராசு மட்டும் வேண்டும். இந்தக் கரைசலைக் கடல்நீருக்கான 35 என்று வைத்துக்கொண்டு திருகாணியைத் திருப்பினால் போதும்.

சரி, தொட்டிக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த ஆறு மாதத்தில் தொட்டிநீரை அளந்ததைவிடப் பனிக்கட்டியைத்தான் நான் அதிகம் அளந்திருக்கிறேன். காரணம் என் மகள்.

உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஒரு நாள் நான் தொட்டிநீரை மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, கடல் உறைஞ்சா அந்த ஐஸ் உப்புக் கரிக்குமா?" என்று கேட்டாள். நான் குளிர்பதன வேலை பார்ப்பவன். இருபத்து நான்கு வருடமாகக் குளிர் அறை, ஐஸ் இயந்திரம், ஏர்கான் என்றே என் நாள்கள் போகின்றன. ஆனாலும் அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் கையாண்டது முழுக்க நன்னீர்ப் பனி. "அளந்து பார்த்துடலாம் கண்ணு" என்றேன்.

தொட்டிக்குக் கலக்கும் உப்பைக் கொண்டு 35 அளவில் இரண்டு கிலோ தண்ணீர் தயார் செய்தோம். அதில் உப்பு மட்டும் 70 கிராம். முதல் முறை அப்படியே ஒரு டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டோம். காலையில் எல்லாப் பக்கத்திலிருந்தும் உறைந்து, சொரசொரவென்று ஈரமாக ஒரு கட்டி வந்தது. அதைச் சாய்த்து வைத்தபோது சொட்டிய நீரை விட்டுப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் வெள்ளை. கோடு 100-ஐத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். 10 கிராம் எடுத்து 20 கிராம் நன்னீரில் கலந்து மறுபடி அளந்தோம்; 66 காட்டியது. மூன்றால் பெருக்கினால் 200-க்குப் பக்கம். எங்கள் ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிரில் பனிக்குள் உறையாமல் சிக்கியிருக்கும் நீர் அவ்வளவு உப்பாகத்தான் இருக்கும். குளிர் கூடக் கூட உள்ளே மாட்டிய உப்புநீர் இன்னும் செறிவாகும்.

கடல் இப்படி உறைவதில்லை என்று அவளே கண்டுபிடித்தாள். கடல் மேலிருந்துதான் உறையும். அடுத்த வாரம் ஈரச்சந்தையில் மீன் வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, டப்பாவின் அடியிலும் நான்கு பக்கமும் அதை வெட்டி ஒட்டினாள். மேல்பக்கம் மட்டும் திறந்திருந்தது. குழம்புக்கு வாங்கி வைத்த தெங்கிரி மீனைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி ஃபிரீசரில் இடம் செய்தோம். சில மணி நேரம் கழித்து மேலே இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமனில் பனித்தகடு. எடுத்து வடியவிட்டு நிறுத்தால் 500 கிராம். அதைத் தனியாக உருக்கி அளந்தபோது 14. கீழே உறையாமல் இருந்த ஒன்றரைக் கிலோ தண்ணீர் 42.

அவள் நோட்டில் எழுதிக் கூட்டினாள். பனியில் 7 கிராம் உப்பு, தண்ணீரில் 63 கிராம். மொத்தம் 70. ஒரு கிராம்கூட எங்கேயும் காணாமல் போகவில்லை. நான் அந்தக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டேன். 38 வெள்ளிக்கு இப்படி ஒரு கணக்கைக் கண்ணால் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

உண்மையான கடலில் பனி இதைவிட மெதுவாக வளர்கிறது, அதனால் உப்பை நன்றாகவே கழித்துவிடுகிறது. ஒரே குளிர்காலத்தில் உருவான கடல்பனியின் உப்பு ஏறக்குறைய 4-இலிருந்து 6 வரை இருக்கும். கோடைகளைத் தாண்டிப் பல வருடம் நீடிக்கும் பனியில் மேல்பகுதி ஏறக்குறைய நன்னீராகவே ஆகிவிடும். வெளியே தள்ளப்பட்ட உப்பு கீழே இருக்கும் நீரில் சேர்ந்து அதைக் கனமாக்குகிறது. 35 அளவு உப்புள்ள கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.9 டிகிரியில். நன்னீர் 4 டிகிரியில் அடர்த்தியின் உச்சத்தைத் தொட்டு, அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே நிற்கும். உப்பு 24.7-ஐத் தாண்டிய நீருக்கு அந்தக் குணம் இல்லை. உறையும் புள்ளி வரைக்கும் குளிரக் குளிரக் கனமாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பிறகு என் மகள் கேட்ட கேள்விதான் எங்களை ஆறு மாதம் இழுத்துச் சென்றது. "கோடையில அந்த ஐஸ் அங்கேயே உருகினா எல்லாம் பழையபடி 35 ஆயிடுமே அப்பா. அப்போ என்ன மாற்றம்?"

செய்து பார்த்தோம். 500 கிராம் பனியை அதே டப்பாவில் திரும்பப் போட்டு உருக விட்டுக் கலக்கினால் 35. அவள் சொன்னது சரி.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அதே அளவு பனியை இன்னொரு டப்பாவுக்கு மாற்றினோம். அதில் 35 அளவில் ஒரு கிலோ தண்ணீர், அறை வெப்பம் 29 டிகிரி. பனியைக் கலக்காமல் மிதக்க விட்டோம். இங்கே என் வேலைப் பெட்டியிலிருந்த ஊசிமுனை வெப்பமானி கைகொடுத்தது. பனி பாதி உருகியபோது மேல்பரப்பு 4 டிகிரி, அடியில் 17. மேலே எடுத்த சொட்டில் உப்பு 19, அடியில் எடுத்ததில் 34. குளிர்ந்த நீர் மேலே, வெதுவெதுப்பான நீர் அடியில்! நன்னீரில் நான் ஒருநாளும் பார்க்காதது. உப்புக் குறைவால் மேல்நீர் இலேசாக இருந்தது. குளிர் எவ்வளவு கனம் சேர்த்தாலும் அதைக் கீழே அழுத்த முடியவில்லை. முழுவதும் உருகிக் கலக்கிய பிறகு அந்த டப்பா 28. பனியைப் பறிகொடுத்த முதல் டப்பா 42-இலேயே நின்றது.

பனி உருவான இடத்தில் உப்பை விட்டுவிட்டு, நன்னீரைச் சுமந்துகொண்டு வேறிடம் போய் இறக்கி வைக்கிறது. அது நகர்வதால்தான் ஓர் இடம் உப்பேறுகிறது, இன்னோர் இடம் உப்புக் குறைகிறது. நகராவிட்டால் வருடக் கடைசியில் கணக்கு நேராகிவிடும். கடலில் இதைச் செய்வது காற்றும் நீரோட்டமும்.

வெப்பமும் அப்படியே இடம் மாறுகிறது. இது என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. ஏர்கானில் ஒரு டன், இரண்டு டன் என்கிறோமே, அது பனிக்கட்டியின் கணக்கு. ஒரு அமெரிக்க டன் பனியை 24 மணி நேரத்தில் உருக்கும் அளவுக்கு வெப்பத்தை எடுப்பது ஒரு டன் குளிர்பதனம், சுமார் 3.5 கிலோவாட். ஒரு கிலோ நன்னீர்ப் பனி உருகும்போது எடுக்கும் 334 கிலோஜூல், 80 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்கப் போதும். பனி உறைந்த இடத்தில் அந்த வெப்பம் காற்றுக்குப் போயிற்று. உருகும் இடத்தில் அந்த ஊர்க் கடலிலிருந்து அதே அளவு வெப்பம் எடுக்கப்படுகிறது. உறைந்த ஊர் ஒன்று, குளிரும் ஊர் வேறு.

வடதுருவப் பனி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய கப்பலே சாட்சி. ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டு கழித்து, 1884-இல், அதன் பொருள்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் பனியோடு வந்து சேர்ந்தன. அதைக் கேள்விப்பட்ட நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென், நசுங்காத வடிவத்தில் ஃபிராம் என்ற கப்பலைக் கட்டச் செய்து 1893-இல் வேண்டுமென்றே பனியில் சிக்க வைத்தார். 1896-இல் அது மறுபக்கம் வெளியே வந்தது. அந்தப் பயணத்தில் பனி காற்றடிக்கும் திசையிலேயே போகாமல் 20-இலிருந்து 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகிப் போவதை அவர் கவனித்தார். பூமி சுழல்வதுதான் காரணம் என்பதை சுவீடன் அறிவியலாளர் எக்மான் 1905-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான் பனியின் வேகம். 2019 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலும் இதே முறையில் பனியோடு உறைந்து மிதக்கத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வருடம் அளவெடுத்தது.

அந்தப் பனி வெளியேறும் முக்கிய வாசல் கிரீன்லாந்துக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் நடுவே இருக்கும் ஃபிராம் நீரிணை. நான்சென் கப்பலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆர்க்டிக் பனிப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு வருடந்தோறும் இந்த வழியாகத் தெற்கே போய் உருகுகிறது. 1960களின் கடைசியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பனியும் நன்னீரும் இங்கிருந்து வெளியேறின. உப்புக் குறைந்த அந்த நீர் கிரீன்லாந்தைச் சுற்றி, கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள லாப்ரடார் கடல் வழியாக வட அட்லாண்டிக்கை வலம் வந்து, 1970களின் கடைசியில்தான் நார்வே பக்கம் திரும்பி வந்தது. லாப்ரடார் கடலில் குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து ஆழத்துக்கு இறங்குவது வழக்கம். இந்த இலேசான நீர் மூடிபோல் மேலே நின்றதால் 1969-இலிருந்து அடுத்தடுத்த குளிர்காலங்களில் அந்த இறக்கம் ஏறக்குறைய நின்றே போனது. இரண்டாம் டப்பாவில் நாங்கள் பார்த்த மேல்நீர்தான் அங்கே ஒரு கடல் அளவுக்கு நின்றிருக்கிறது.

ஆர்க்டிக் கடலும் முழுவதுமாக அந்த இரண்டாம் டப்பாதான். மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த அடுக்கு. சில நூறு மீட்டர் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த உப்பான நீர், பூஜ்யத்துக்கு மேல் வெப்பத்தில். பனியை உருக்கும் வெப்பம் அவ்வளவு அருகிலேயே கிடந்தும் மேலே வர முடியாமல் இருக்கிறது.

அண்டார்டிகாவில் நடப்பதை அறிய இன்னொரு சோதனை செய்தோம். பனித்தகடு வந்ததும் எடுத்துவிடுவது, மறுபடி உறைய விடுவது, மறுபடி எடுப்பது. முதல் தகட்டுக்குப் பிறகு மிஞ்சிய நீர் 42, இரண்டாவதுக்குப் பிறகு 51, மூன்றாவதுக்குப் பிறகு 62. அண்டார்டிகாவின் நிலப்பகுதியிலிருந்து கடல் நோக்கிச் சரிந்து விழும் பலத்த காற்று கரையோரப் பனியை இப்படித்தான் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளத் தள்ளத் திறந்த நீர் தெரியும். அது உடனே உறையும். அதையும் காற்று தள்ளும். பொலின்யா என்று அதற்குப் பெயர். ராஸ் கடலின் தெர்ரா நோவா விரிகுடாவில் இருப்பது அதில் ஒன்று. எங்களுடைய ஐஸ் இயந்திரத்தில் தட்டை விழ விட்டு மறுபடி தண்ணீர் ஓட விடும் அதே சுற்று. அங்கே சேரும் கனத்த உப்புநீர்தான் கண்டத்திட்டிலிருந்து (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியிலிருந்து) வழிந்து, உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்தில் பரவும் குளிர்நீராக மாறுகிறது. தள்ளப்பட்ட பனியோ வடக்கே போய் உருகி அங்குள்ள மேல்நீரின் உப்பைக் குறைக்கிறது.

பனி விலகித் திறக்கும் இடங்களில் வெப்பம் எப்படிப் போகும் என்பதை மகளுக்கு விளக்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. குளிர் அறைக்கு நாங்கள் மாட்டும் காப்புப் பலகையைத் திருப்பி வைத்து யோசிக்கச் சொன்னேன். கீழே சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் கடல், மேலே மைனஸ் 30-இல் காற்று, நடுவே இரண்டு மூன்று மீட்டர் பனியும் பஞ்சுபோன்ற உறைபனியும். அந்தப் பலகையில் ஒரு விரிசல் திறந்தால் தடித்த பனி வழியே போவதைவிட நூறு மடங்கு வரை வெப்பம் அந்த இடைவெளி வழியே போய்விடும். கோடையில் இது தலைகீழ். பனி வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் திருப்பி அனுப்புவது வெறும் 6 விழுக்காடு அளவு. மிச்சம் முழுக்கத் தண்ணீரைச் சூடாக்கும். 1974 முதல் 1976 வரை அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் நடுக்குளிர்காலத்திலும் பனி மூடாமல் சுமார் 250,000 சதுர கிலோமீட்டர் திறந்தே கிடந்தது. சிங்கப்பூரைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். அங்கே மூடிபோல் இருந்த மேல்நீர் அடுக்கு உடைந்து, அடியிலிருந்த வெதுவெதுப்பான நீர் மேலே வந்துகொண்டிருந்தது.

இதற்கும் நமக்கும் என்ன என்று என் மனைவி கேட்டார். 2013-இலிருந்து வடதுருவ நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் மன்றத்தில் சிங்கப்பூர் பார்வையாளராக இருக்கிறது என்பதை மகள்தான் சொன்னாள். மிதக்கும் கடல்பனி உருகுவதால் கடல்மட்டம் ஏறக்குறைய உயராது. நிலத்தின்மேல் இருக்கும் பனி உருகினால்தான் உயரும். அதையும் ஒரு கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி மிதக்க விட்டு அம்மாவுக்குக் காட்டினாள்.

மறுபடி கருவிக்கு வருகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 1. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அரை எண் வரை ஊகிக்கலாம். தொட்டிக்கு அது போதும். நிஜக் கடலில் பனி உண்டாக்கும் மாற்றம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. 34.5-க்கும் 34.8-க்கும் உள்ள வித்தியாசமே ஒரு நீர் மிதக்குமா மூழ்குமா என்பதை முடிவு செய்துவிடும். ஆய்வுக் கப்பல்களில் மின்கடத்துதிறனை அளந்து ஆயிரத்தில் சில பங்கு வரை துல்லியமாக உப்பைக் கணக்கிடும் கருவிகளைக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். எங்கள் 42, 51, 62 எல்லாம் சின்னப் பாத்திரத்தில் பெரிதாக்கப்பட்ட எண்கள். பள்ளிச் செயல்திட்டத்துக்கு இதை வாங்குபவர்கள் அதைக் குறிப்பிட வேண்டும். என் மகள் குறிப்பிட்டிருக்கிறாள்.

தானாக வெப்பத்தைச் சரிசெய்யும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அது 10-இலிருந்து 30 டிகிரிக்குள் மட்டும். ஃபிரீசரிலிருந்து எடுத்த நீரை அப்படியே விட்டால் பட்டகத்தில் வியர்த்து, கோடு ஆடும். நாங்கள் சின்ன மூடியுள்ள குப்பியில் எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சொட்டுவிட்டு, அரை நிமிடம் காத்திருந்து படிக்கிறோம். மூடி இல்லாமல் வைத்தால் ஏர்கான் காற்றில் நீர் ஆவியாகி உப்பு கூடிவிடும். இதனால் எங்கள் முதல் வார எண்கள் அத்தனையையும் அடித்துவிட்டு மறுபடி அளந்தோம்.

குழாயடியில் கழுவாதீர்கள். உள்ளே ஈரம் போனால் கண்ணாடி மங்கிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஈரத் துணியால் துடைத்து, நன்னீர்ச் சொட்டு விட்டு, மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்பு காய்ந்து படிந்தால் பட்டகத்தில் கீறல் விழும். கூட வரும் பிளாஸ்டிக் சொட்டுக்குழாய் இரண்டே வாரத்தில் வெடித்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் கண்ணாடிச் சொட்டுக்குழாய் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம், ஒன்று மேல்நீருக்கு, ஒன்று அடிநீருக்கு.

சரிபார்ப்பைப் பொறுத்தவரை, மாதம் ஒரு முறை போதும் என்று எழுதியிருக்கிறார்கள். கீழே விழுந்தாலோ காரில் வெயிலில் கிடந்தாலோ உடனே பார்க்க வேண்டும். என்னுடையது ஆறு மாதத்தில் இரண்டு முறை ஓர் எண் அளவுக்கு நகர்ந்திருந்தது. 35 கரைசல் சின்னப் புட்டி 15 வெள்ளி என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. அதனால்தான் மேலே வீட்டுக் கணக்கைக் கொடுத்தேன்.

டிஜிட்டல் மீட்டர் வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தொட்டி பெரிதாக, விலை உயர்ந்த பவளம் வைத்திருந்தால் வாங்குங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதையே வாங்குங்கள். மீட்டரில் எண் மட்டும்தான் தெரியும். இதில் நீலம் ஏறுவதையும் இறங்குவதையும் பிள்ளையே பார்க்கிறது, நாம் சொல்லித் தர வேண்டியது பாதியாகக் குறைகிறது.

இப்போது அவள் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வருகிறாள். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் 31 காட்டியது. பாசிர் ரிஸ்ஸில் இரண்டு நாள் அடைமழைக்கு மறுநாள் காலை 27. ஜோகூர் நீரிணையில் ஆறுகளும் மழைநீரும் கலப்பதால் அங்கே குறைகிறது என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் நீரின் வெப்பம் 29 டிகிரி என்று குறித்தாள். வரும் டிசம்பர்ப் பருவமழையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே படிக்கட்டில் அளக்கப் போகிறோம். இரண்டாவது புட்டிக் கரைசலை நேற்றே கலந்து வைத்துவிட்டேன்.